என் மகள் ஏற்றுக்கொண்ட தப்பு

என் மகளுக்கு வேலை செய்யும்போது யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். துடியலூரில் நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன வீட்டில் பேச வேறு ஆள் இல்லை. மருமகன் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பேரன் வெளியூரில் தங்கிப் படிக்கிறான். அதனால் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவளும் அவள் கம்ப்யூட்டரும், மறுபக்கம் நானும் என் முறமும். நான் வெங்காயம் உரிப்பேன், கீரை ஆய்வேன். அவள் திரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போவாள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, நிறுத்தியவர்கள் அல்லவா வெட்கப்பட வேண்டும்.

அவளும் பெரிய படிப்புப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ஒரு மில் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மருமகன் போன பிறகு, பேரன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மாலை வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டாள். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. மளிகைக் கடைக்காரர்கள் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஒரு பக்கத்தைத் திறந்து, பருப்பு இத்தனை, சோப்பு இத்தனை என்று போட்டால், சரக்கு கடைக்கே வந்து இறங்கும். அந்தப் பக்கத்தை எழுதிப் பராமரிக்கிற கூட்டத்தில் இவளும் ஒருத்தி. எங்கள் தெருமுனைக் கடைக்காரர்கூட அதில்தான் சரக்கு எடுக்கிறார். இவள் அந்தக் கம்பெனிக்காரி என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் சொல்லலாம், கேட்காமல் சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

வாரத்தில் ஒரு நாள் அவள் கோயமுத்தூர் ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கே எல்லோரும் அடையாள அட்டையைக் கழுத்தில் பட்டையில் தொங்கவிட்டிருப்பார்கள். நிரந்தர ஆட்களுக்கு நீலப் பட்டை. ஒப்பந்த ஆட்களுக்கு ஆரஞ்சுப் பட்டை. இவளுக்கு ஆரஞ்சு. வாசலைத் தாண்டியதும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள்.

"பஸ்ஸுல வர்றப்ப போட்டுட்டு வந்தா என்ன கண்ணு? மத்த புள்ளைகெல்லாம் ஊடு வரைக்கும் போட்டுட்டு வருதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக நீலம்மா. இது ஆரஞ்சு. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. புதுப்பித்தார்கள் என்று செய்தி வந்தால்தான் வாய் திறந்து சிரிப்பாள். "ஒருக்காலாச்சும் நான் அவங்க ஆளுன்னு சொல்லிக்கோணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு இந்தத் தொழிலில் இன்னொரு இடம் கிடைப்பது சுலபம் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. ஒரு நாள் காலையில், கம்ப்யூட்டரைத் திறந்ததும், "அம்மா, எங்க பழைய கருவிய உட்டுப்போட்டாங்க" என்றாள்.

"ஆரு?"

"அதைச் செஞ்சவங்க. நாங்க எழுதறது ஒரு மாதிரிம்மா, ஜாவாஸ்கிரிப்டுன்னு பேரு. கடைக்காரர் போனு அதை அப்பிடியே வாங்கிக்காது. நடுவுல ஒரு கருவி இருக்குது. நாங்க எழுதுனதையெல்லாம் அள்ளி, வேண்டாததைக் கழிச்சு, சுருக்கிக் கட்டி, பொட்டலமாக் குடுக்கும். அதை இனிமே நாங்க பாத்துக்க மாட்டோம், புதுசு ஒண்ணு இருக்குது, அதுக்குப் போயிருங்கன்னு போர்டு போட்டுட்டாங்க."

"கெட்டுப்போச்சா?"

"கெடலை. இன்னைக்கும் ஓடுது. ஆனா ஓட்டை உழுந்தா அடைக்க ஆளில்லை."

"இத்தனை நாளும் அவுங்களுக்கு ஆரு கூலி குடுத்தாங்க?"

"ஆரும் குடுக்கலைம்மா. சும்மாதான் செஞ்சு குடுத்தாங்க."

"அப்ப எத்தனை நாளைக்குத்தான் பாப்பாங்க பாவம்" என்றேன். அவள் சிரித்தாள்.

பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிற வேலைக்கு ஆள் கேட்டார்களாம். நீலப் பட்டைக்காரர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நன்றாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, தவறினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்கிற மாதிரியான வேலை அது. இவள் "நான் பாக்கறனுங்க" என்றாள். மேலாளர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர். "இதை மட்டும் சரியா முடிச்சுக் குடுங்க. உங்களை நிரந்தரம் பண்றதுக்கு நான் மேல பேசறேன்" என்றார். எனக்கும் காதில் விழட்டும் என்று அவள் அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் மேசையில் அந்த வேலைதான். பழையது என்னென்ன கேட்டதோ அதையெல்லாம் புதியது வேறு மாதிரி கேட்டது. எல்லாமே ஒரு முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்குமாம். அது பழையதற்கு உள் அறையில் இருந்தால் போதும். புதியது, அதை முன்வாசலில் கொண்டுவந்து வை என்றது. பல கோப்புகளின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. சில சொற்களுக்கு முன்னால் பழைய கருவியின் அடையாளம் ஒட்டியிருந்தது. அதை உரித்துவிட்டுப் புதியதன் அடையாளத்தை ஒட்ட வேண்டும். ஒன்றை விட்டால்கூடப் பக்கம் திறக்காது. ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது. இவள் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுவது, பொட்டலம் கட்டி முடித்தால் ஓடாது. காலையில் சரியாக இருந்தது மத்தியானம் கோணிக்கொள்ளும். "இந்தப் படம் எங்க போச்சு, இந்தப் பட்டன் எங்க போச்சு" என்று கன்றுக்குட்டியைத் தேடுகிற மாதிரி தேடுவாள்.

ஆனால் சந்தோஷமாக இருந்தாள். அதையும் சொல்ல வேண்டும். பழைய கருவியில் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவாள். புதியதில் நாற்காலியைத் தள்ளுவதற்குள் கட்டி முடித்துவிடும். "பாருங்கம்மா, பாருங்கம்மா" என்று திரையை என் பக்கம் திருப்புவாள். நான் பார்ப்பதற்குள் முடிந்திருக்கும்.

ஐப்பசி மழை விட்டு ஒரு வெயில் நாளில் அது முடிந்தது. பொட்டலத்தைக் கடைக்காரர்கள் திறக்கிற இடத்துக்கு அனுப்புவது இவள் வேலை இல்லை. அதற்கு ஒரு இயந்திரம், அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சென்னையில் ஒருவர். இவளை அக்கா என்று கூப்பிடுகிறவர். புதிய கருவி, கட்டிய பொட்டலத்தை வேறு ஒரு அறையில் கொண்டுபோய் வைக்கும், இயந்திரம் இனி அந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். "மாத்திட்டேன் அக்கா" என்றார் அவர். வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள்.

பாராட்டு வந்து குவிந்தது. "ஒரு இடத்துலகூட வித்தியாசம் தெரியலை." "எப்படி மாத்தினீங்கன்னே தெரியலை." ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

"இத்தனை பாடு பட்டு ஒண்ணுமே மாறலையா?" என்றேன்.

"அதுதாம்மா வேலையே. பாக்கறவங்களுக்கு மாறாம இருக்கறதுக்குத்தான் இத்தனை பாடு."

மேலாளர் கூப்பிட்டு, மேலே பேசிவிட்டதாகவும் இந்த மாதமே காகிதம் வந்துவிடும் என்றும் சொன்னார். நான் பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டுச் சுட்டேன். சோமனூரில் இருக்கிற தம்பி பெண்டாட்டி தற்செயலாகப் போன் செய்து, "என்னுங்க, ஊட்டுல விசேசமா?" என்று கேட்டாள். கேட்டதால் சொன்னேன், புள்ளைக்கு நிரந்தரம் ஆகுது என்று.

திங்கட்கிழமை மகள் ஒரு சின்னத் திருத்தம் செய்தாள். ஒரு பட்டனில் இருந்த சொல்லை மாற்றி, அனுப்பச் சொன்னாள். தன் போனில் திறந்து பார்த்தாள். பழைய சொல்லே நின்றது. மறுபடி அனுப்பச் சொன்னாள். மறுபடியும் பழையதே. கம்ப்யூட்டரில் எங்கெங்கோ திறந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அது போகவே இல்லை."

"எது?"

"நான் செஞ்சது. அந்த இயந்திரம் இன்னும் பழைய அறையத்தான் பாத்துக்கிட்டு இருக்குது. அங்க பழைய பொட்டலம் அப்பிடியே இருக்கு. அதையவே எடுத்து எடுத்து அனுப்பியிருக்கு. அதுதான் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை."

இயந்திரத்தைப் பார்க்கிற அந்தச் சென்னைக்காரர் மாற்றினேன் என்றாரே தவிர மாற்றவில்லை. மறந்துவிட்டார். கூப்பிட்டுக் கேட்டதும், "ஐயோ அக்கா" என்றார்.

நான் யோசித்துச் சொன்னேன். "அவரையே சத்தமில்லாம மாத்தி உடச் சொல்லு. ஆருக்குத் தெரியப்போவுது? காகிதம் வந்துரட்டும்."

"தப்பும்மா. நெசமா மாத்துறப்ப எதாச்சும் ஒடஞ்சா, அது முன்னமே மாறிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு வேற எங்கயோ தேடுவாங்க. கடைக்காரங்களுக்குச் சரக்கு போகாது. சொல்லித்தான் ஆவோணும்."

அன்றைக்கு நான் சொன்னதை இப்போதும் தவறு என்று நினைக்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே மனதுக்குள்தான் இருந்தன.

மறுநாள் காலையில் எல்லோரும் திரையில் கூடினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இவள் குரல் நன்றாகவே கேட்டது. "ஒரு விசயமுங்க. வெள்ளிக்கிழமை நாம அனுப்புனது பழசுங்க. புதுசு போகவே இல்லீங்க. என்ற தப்புத்தானுங்க, நாந்தான் ஒருக்கா பாத்திருக்கோணும்."

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு குறை வந்தால் அடுத்தவரைக் கை காட்டமாட்டோம். என் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியிலேயே ரசம் தீர்ந்துவிட்டது. எங்கள் அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் போய், "என்ற தப்புங்க சம்பந்தி, தெரியாம அளவைக் கொறச்சுப்போட்டனுங்க" என்றார். மாமனார் உடனே எழுந்து, "அதெப்படிங்க, சொன்னதுக்கு மேல சனத்தைக் கூட்டியாந்தது நாங்கதானுங்களே" என்றார். இவர் இல்லை என்னுது என்க, அவர் இல்லை எங்களுது என்க, கடைசியில் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு மோர் குடித்தார்கள். தப்பு சமையல்காரருடையது என்று இருவருக்கும் தெரியும். சமையல்காரருக்கும் தெரியும், அவரும் ஓரமாக நின்று, "நாந்தானுங்க" என்றார். தப்பு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒருவர் மேலும் தங்காமல் கரைந்துவிட்டது.

ஆனால் அதற்கு எதிரில் எழுந்து நிற்க ஒரு ஆள் வேண்டும். ஒருவர் எடுத்துக்கொண்டதை இன்னொருவர் வந்து பங்கு கேட்க வேண்டும்.

அந்தத் திரையில் ஒருவரும் எழவில்லை. அடுப்படியில் நான் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சென்னைக்காரரும் அங்கே இருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தேன். சத்தமே இல்லை. பிறகு யாரோ ஒருவர், "அப்ப ஒண்ணுமே மாறலைன்னு நாங்க சொன்னது கரெக்ட்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சீர் வைக்கிற இடத்தில் தட்டு கை நழுவி விழுந்தால் சிரிக்கிற சிரிப்பு.

மேலாளர் சிரிக்கவில்லை. "செக் பண்ணாம எப்படி முடிஞ்சதுன்னு சொன்னீங்க? நான் மேல வேற சொல்லிட்டேனே" என்றார்.

"தப்புத்தானுங்க" என்றாள் மறுபடியும்.

கூட்டம் முடிந்ததும் அடுப்படியிலிருந்து வந்து கேட்டேன். "அந்த மனுசன் மாத்தலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நாலு பேர் முன்னாடி எப்பிடிம்மா சொல்றது? அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்."

நான்தான் அப்படி வளர்த்தேன் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். நான் இன்றைக்கும் வேறு மாதிரி வளர்க்கமாட்டேன்.

அந்த வாரமே நிஜமாக மாற்றினார்கள். இந்த முறை இயந்திரத்தின் பக்கத்திலும் இவளே உடனிருந்து பார்த்தாள். அன்று காலையில் நான் காய்கறி வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னுங்க, கோபமா இருக்கறீங்க?"

"பாருங்காத்தா, தெறந்து வெச்சது வெச்சபடி வெள்ளையா நிக்குது. சரக்கு போடோணும், வண்டி வர்ற நேரம். எந்தப் புண்ணியவான் இன்னைக்குக் கை வெச்சானோ, அவன் ஊட்டுல இப்பிடித்தான் சோறு பொங்குவானா?"

எனக்குச் சுருக்கென்றது. காலையில்தான் மகள் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், பக்கத்தை முன்பே திறந்து வைத்திருந்தவர்களுக்கு வெள்ளையாகத் தெரியும், ஒருமுறை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று.

"சித்தெ மூடிப்போட்டு மறுக்காத் தெறந்து பாருங்க" என்றேன்.

"ஆத்தா எப்பக் கம்ப்யூட்டர் படிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே மூடித் திறந்தார். வந்துவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தார். "அட, முன்னைக்கு இப்ப சடார்னு வருதுங்களே" என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். சோறு பொங்குகிற பேச்சை விட்டுவிட்டேன். "கடைக்காரரு சடார்னு வருதுன்னு சொல்றாரு கண்ணு."

"சொன்னாரா?" என்று கேட்டாள். "எப்பிடிச் சொன்னாரு, அந்த வார்த்தையவேவா?" சடார் என்பதை அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டச் சொன்னாள். சொல்லிக் காட்டினேன். இந்த முறை கம்பெனியில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாறியது அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவள் சொன்ன மாதிரி அதுதான் வேலை.

மாதக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். இந்த முறை அவள் சத்தத்தைக் கூட்டி வைக்கவில்லை. காதோடு வைத்துக் கேட்டாள். "சரிங்க", "பரவாயில்லீங்க", "சரிங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. வைத்துவிட்டு, "அம்மா, நிரந்தரம் இல்லையாம். ஒப்பந்தத்தையும் இனி நீட்டறதில்லையாம். நம்பி ஒரு பொறுப்புக் குடுக்கறதுக்கு மேல இருக்கறவங்க யோசிக்கறாங்களாம்" என்றாள். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். கம்பெனிக் கம்ப்யூட்டரையும் ஆரஞ்சுப் பட்டையையும் ஒரே பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பினாள். பட்டையைச் சுருட்டி, நான்கு மடிப்பாக மடித்து வைத்தாள். அதை அத்தனை ஒழுங்காக வைத்து அனுப்ப வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சோமனூர்க்காரி போன் செய்தபோது நானே எடுத்து, அந்தக் கம்பெனி சரியில்லை, புள்ளை வேண்டாம்னுட்டா என்று சொன்னேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவள் நல்ல வீட்டுப் பெண்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், மகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சென்னைக்காரர் கூப்பிட்டார். கையில் ஈரம் என்பதால் போனை மேசையிலேயே வைத்துப் பேசினாள்.

"அக்கா, அன்னிக்கு மீட்டிங்ல நான் சொல்லியிருக்கணும். மாத்தாம விட்டது நான்தான். எல்லார் முன்னாடியும் வாய் வரலை."

"அதெல்லாம் இல்லீங்க. நானும் பாத்திருக்கோணுமில்லைங்களா."

"இல்லக்கா, என் தப்புதான்."

"உடுங்க. பரவாயில்லீங்க."

அவர் போனை வைக்கவில்லை. பிறகு, "அந்த மாசம்தான் அக்கா எனக்கு நீலப் பட்டை குடுத்தாங்க. பயந்துட்டேன்" என்றார்.

"நல்லதுங்க. பத்தரமா வெச்சுக்கோங்க" என்றாள். அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னாள். "கொழந்தைகெல்லாம் நல்லாருக்காங்களா?" என்றும் கேட்டாள்.

சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். இல்லை என்று இவளும் சொல்லிவிட்டாள். எங்கள் வழக்கப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் கேட்க அந்த மேலாளர் இல்லை, சிரித்தவர்கள் இல்லை. பாதி நறுக்கிய பீன்ஸும் நானும்தான் இருந்தோம். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி, இதையே அங்கே போய்ச் சொல்லுங்க சாமி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு, "நல்ல மனுசன்தாம்மா" என்றாள்.

"நல்ல மனுசன்தான்" என்றேன்.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை. நான் போய் நின்றால் அவள் அழுகையை நிறுத்த வேண்டியிருக்கும்.